பெரியாற்றுத் தண்ணீர் வேண்டுமா?

தேர்தல் சமயத்தில், கம்பத்திலிருந்து தேனி செல்லும் பேருந்தில் அவரைச் சந்தித்தேன். மெலிந்த உடல், தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் ஆளுங்கட்சித் துண்டு. இருக்கை காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. நடுவில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நடத்துநர் என்னைப் புரொபசர் என்று அழைத்ததைக் கவனித்திருக்க வேண்டும். உத்தமபாளையம் தாண்டியதும் உரக்கக் கேட்டார்.

"புரொபசரய்யா, பெரியாத்துத் தண்ணி நமக்கு வேணுமா, வேணாமா?"

"வேண்டும்" என்றேன்.

அவர் பயணிகள் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டீகளா? ஐயாவே நம்ம வேட்பாளருக்குத்தான் ஓட்டுன்னு சொல்லிட்டாக."

நான் எந்தக் கட்சியையும் சாராதவன். அந்தப் பெயரை இத்தனை காலம் காத்து வந்தவன். ஆயினும் பொது இடத்தில் வாக்குவாதம் எதற்கென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்னமனூரில் அவர் இறங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, அதே பேருந்தில் மீண்டும் ஏறினார். தோளில் இப்போது எதிர்க்கட்சித் துண்டு. கூச்சமின்றி எனக்கு வணக்கம் வைத்து, அதே கேள்வியைக் கேட்டார்.

பின்னிருக்கையில், அன்றும் வந்திருந்த ஒரு பெண்மணி சிரித்தார். "அன்னைக்கு அவுக, இன்னைக்கு இவுகளா? ஐயா எந்தப் பக்கம்னு பாப்போம்."

கேள்வியே தவறு என்று சொல்ல நான்கு நாளாகத் தயாராகியிருந்தேன். ஆனால் பேருந்தில் பாதிப்பேர் அந்தத் தண்ணீரில் நெல் நட்டவர்கள். வேறு எதைச் சொன்னாலும் வேண்டாம் என்றதாகவே ஊரில் பரவும்.

"வேண்டும்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பயணிகள் பக்கம் திரும்பிவிட்டார்.