விருந்தாளி இல்லாத சப்பாத்துகள்

கதவைத் திறந்து மாடிப்படியைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. சித்திரை வருஷப்பிறப்பு, எங்கள் வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை! ஹனோவரில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வருஷப்பிறப்பு என்றால், மாமா வீட்டார், பெரியப்பா வீட்டார் கழற்றிய சப்பாத்துகள் படிவரை இறங்கிக் கிடக்கும். மேல்வீட்டு ஜெர்மன் அம்மையார் முணுமுணுத்தபடி அவற்றைத் தாண்டித் தாண்டி ஏறுவார்.

அந்த வருஷம் கொரோனா. வெளியாட்கள் யாரும் வீட்டுக்கு வரக் கூடாது. அம்மா பழக்கதோஷத்தில் விடியவே எழும்பி, ஊருக்கே போதுமான பலகாரம் சுட்டுவிட்டு, அதையே பார்த்தபடி இருந்தார். அப்பாவோ தொலைபேசியில் மாமாவைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

“வாறதெண்டால் வாங்கோ மச்சான், பலகாரம் கிடக்கு. சாப்பிட்டு முடிய பொலிஸே கொண்டுபோய் வீட்டில விடும்.”

எனக்குப் பத்து வயது. எண்ணம் வந்தால் கை சும்மா இராது. நிலவறைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். எறிய மனமில்லாமல் அம்மா கட்டிவைத்திருந்த பழைய சப்பாத்துகள் அங்கே இரண்டு பை நிறைய இருந்தன. எல்லாவற்றையும் வாசலில் பரப்பினேன். அப்பாவின் வேலைச் சப்பாத்து மாமாவுக்கு. அம்மாவின் குதி உயர்ந்த செருப்பு மாமிக்கு. என் காலுக்குச் சிறுத்துப்போனவை மச்சாள்மாருக்கு. மாமாவுடையதில் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். அவர் அப்படித்தான் கழற்றுவார். பிறகு அம்மாவை இழுத்துவந்து காட்டினேன்.

“அம்மா, ஆக்கள் வந்திட்டினம்!”

அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். “எடுக்காதை. பின்னேரம் வரைக்கும் கிடக்கட்டும்.”

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. கதவுத் துவாரத்தால் பார்த்துவிட்டுத் திரும்பிய அப்பாவின் முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

“பொலிஸ்,” என்றார், குரலே இல்லாமல்.

மேல்வீட்டு அம்மையார் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டார்! நான் சொல்ல வாயெடுத்தேன். அப்பா கேட்கிற நிலையில் இல்லை. சோற்றுக்கையோடு அண்ணாவை மேசையிலிருந்து எழுப்பி அறைக்குள் இழுத்துப்போனார். அண்ணாவுக்குப் பதினாறு வயது, அப்பாவைவிட உயரம்.

“கட்டிலுக்குக் கீழை போ. மூச்சுக் காட்டாதை.”

“என்னப்பா, பகிடியே?”

“போடா!”

திரும்பி வந்து அண்ணாவின் சாப்பாட்டுக் கோப்பையையும் தண்ணீர்க் குவளையையும் எடுத்து ஒளித்தார். கதிரையை மேசைக்குள் தள்ளினார். எல்லாம் ஒரு கணத்தில். யார் அப்பாவுக்கு இதைப் பழக்கினார்கள்?

வாசலில் முகக்கவசத்தோடு ஒரு பெண் பொலிஸும் ஓர் ஆணும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் எல்லாரையும் சிரிக்கவைக்கும் அப்பாவின் ஜெர்மன் அன்றைக்கு வரவில்லை. விரலைத்தான் காட்டினார். மூன்று.

பொய் சொன்னால் வாயில் மிளகாய்த்தூள் போடுவேன் என்று வெருட்டும் என் அப்பா பொய் சொல்கிறார், அதுவும் பொலிஸுக்கு!

“இத்தனை சப்பாத்துகளும் மூன்று பேருடையதா?” என்று அந்தப் பெண் கேட்டபோது, கட்டிலுக்குக் கீழிருந்த தூசி தன் வேலையைக் காட்டியது. அண்ணா தும்மினான். அடுத்தடுத்துத் தும்மினான்.

அந்த மாதம் உலகத்தில் தும்மலைவிடப் பயங்கரமான சத்தம் இல்லை. இருவரும் படிவரை பின்வாங்கினார்கள். ஆண் பொலிஸ் ‘மாமாவின்’ சப்பாத்தில் தடக்கி விழப் பார்த்தார். உள்ளே யார், உடனே வெளியே வரட்டும் என்று அதட்டினார்.

அப்பா போய் அறை வாசலை மறித்து நின்றார். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். யாரும் தூக்கச் சொல்லவில்லை.

“அவன் சின்னப்பெடியன். என்னைக் கொண்டுபோங்கோ,” என்றார். ஹனோவர் பொலிஸிடம், தமிழில்.

நான்தான் கத்தினேன். வருஷப்பிறப்பு, பலகாரம், நிலவறை, மாமாவின் கவிழ்ந்த சப்பாத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஜெர்மனில் கொட்டினேன். அண்ணா தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தான். அந்தப் பெண் குனிந்து, சிலந்திவலை படிந்த ஒரு சப்பாத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கையை இறக்குங்கள் என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. அம்மா பலகாரத் தட்டோடு ஓடிவர, தூர நின்றே வேண்டாமென்று கையசைத்து, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று முழுவதும் அப்பா அண்ணாவை ஜன்னல் பக்கம் போகவிடவில்லை. எனக்கோ கோபம். சப்பாத்தை வைத்தது நான். ஒளிப்பதென்றால் என்னையல்லவா ஒளித்திருக்க வேண்டும்?

சாமித்தட்டுக்குப் பக்கத்தில், மீசை அரும்பிய முகத்தோடு சித்தப்பாவின் படம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓர் ஊரடங்கு நாளில் இராணுவத்தினர் வீட்டுக்குள் புகுந்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்களாம். திரும்பி வரவில்லை. அப்போது அவருக்கும் பதினாறு வயதுதான். தினமும் அந்தப் படத்துக்குப் பூ வைத்தவள் நான். அந்தப் படத்தையும் அண்ணாவின் கட்டிலையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்கே பதினாறு. இந்த வருஷப்பிறப்புக்கு எல்லாரும் வருகிறார்கள். வாசல் நிறையச் சப்பாத்து கிடக்கும். அவர்கள் போய் வாசல் வெறிச்சோடியதும் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருக்கப்போகிறேன். சுற்றிவளைக்கப் போவதில்லை. முதல் கேள்வியே இதுதான்:

“அப்பா, சித்தப்பா அண்டைக்கு எங்கை ஒளிச்சிருந்தவர்?”