வட்டம் மேடம்

செய்தித்தாளை விரித்துப் பிடித்திருக்கிறார். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தாளுக்குக் கீழே தெரிகிற நடைபாதையில் போகிற வருகிற கால்களைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மூஞ்சி நல்லா நடிக்கும். காலுக்கு நடிக்கத் தெரியாது" என்பார்.

தெருவில் பெரியவர்களை விளையாட வைப்பது இவர் தொழில். இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் மட்டும் ஊஞ்சலாடும் பேருந்து நிறுத்த பெஞ்சு, கைதட்டினால் எரியும் சுரங்கப்பாதை விளக்கு எல்லாம் இவர் கைவரிசை. போகிற இடமெல்லாம் தரையில் வட்டம் போடுவதால் நகராட்சி அலுவலகத்தில் வைத்த பெயர் 'வட்டம் மேடம்'. ஐம்பது வயதாகிறது, கைப்பையில் சாவியோடு எப்போதும் சாக்பீஸ் கிடக்கும். வீட்டுச் சமையலறைத் தரையையும் விட்டுவைக்கவில்லை. "தண்ணி குடிக்கணும்னா தாண்டித் தாண்டித்தான் போகணும். ஊரே நேரா நடந்தா இவளுக்குத் தூக்கம் வராது" என்று கணவர் புலம்புவார். புலம்பிக்கொண்டே தாண்டவும் செய்வார்.

இப்போதைய வட்டங்கள் பெரிய ஆஸ்பத்திரி மதிலோரம். ஒற்றைக் காலில் தாண்டும்படி மஞ்சள் வட்டங்கள்; முடிகிற இடத்தில், குதித்தால் 'டொம்' என்கிற மரப்பலகை. அக்கா உள்ளே படுத்திருந்த மாதங்களில் இவர் தினமும் நடந்த வழி அது. அக்கா பிழைத்துவிட்டார். அந்த நடை மட்டும் இவருக்கு மறக்கவில்லை. "அந்தப் பத்தடி தூரம் யாராவது என் மனசை வேற பக்கம் இழுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று ஒரே ஒருமுறை சொன்னார்.

வட்டங்கள் போட்ட சில நாளில் நகராட்சிப் பொறியாளர் முடிவு சொல்ல வந்தார். ஆட்கள் தாண்டி ஆடினால் வட்டங்கள் இருக்கும். இல்லையென்றால் மாலைக்குள் சாம்பல் பூச்சு. உதவியாளர்கள் நாலு பேரோடு மதிலில் சாய்ந்து, வரிசையாக நின்று முறைத்தார். வந்தவர்கள் எல்லாரும் வட்டங்களை ஒதுக்கிவிட்டு, பூனை மாதிரி ஓரமாகப் போனார்கள்.

"என்னம்மா, ஒருத்தர்கூட ஆடலையே?"

"யாரும் பாக்கலன்னாதான் சார் பெரியவங்க ஆடுவாங்க. நீங்க அஞ்சு பேரும் இப்படிப் போலீஸ் மாதிரி நின்னா?"

"பாக்காம நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதுறது?"

கேள்வி நியாயம்தான். ஒரு செய்தித்தாளுக்குப் பின்னால் ஐந்து பேரை ஒளிக்க முடியுமா? மேடம் சட்டென்று சொன்னார்: "எல்லாரும் மதிலைப் பாத்துத் திரும்பி நில்லுங்க. காது இருக்குல்ல?"

பொறியாளர் தயங்கினார், பிறகு திரும்பினார். தண்டனை வாங்கிய பிள்ளைகள் போல ஐவரும் சுவரைப் பார்த்து நிற்க, மேடமும் பக்கத்தில் நின்றுகொண்டார். வெறும் செருப்புச் சத்தம். வந்தது, போனது. இன்னொன்றும் நிற்காமல் போனது. மேடத்தின் விரல்கள் கைப்பைக்குள் சாக்பீஸைத் தேடின.

ஒரு செருப்பு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒற்றைக்கால் சத்தம். இன்னொன்று. ஒரு தடுமாற்றம். கடைசியில், 'டொம்'.

பொறியாளரின் கழுத்து தானாகத் திரும்பியது. மேடம் தன் கண்களை இறுக மூடியபடியே கையை நீட்டி, அவர் தாடையைப் பிடித்து மெதுவாகச் சுவர் பக்கம் திருப்பிவிட்டார்.