ரீச்சரின் கைபடாத ஆள்

"விடிஞ்சதிலையிருந்து எனக்கொரு தேத்தண்ணி தந்தனீரே? ஊராற்றை மூளையைப் பாக்கத்தான் உமக்கு நேரம்."

இது என் வீட்டுக்காரர். நான் கொடுத்து, அவர் குடித்து முடித்த கோப்பை முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. இந்தக் கிழமை இது மூன்றாம் தடவை. கவனக்குறைவா, மறதியா என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் படிப்பு. ஆனாலும் அவரை ஏசிவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். ஐம்பது வயதில் உளவியலில் முதுமாணி படிப்பவளுக்கு ஊராரின் மூளை தொழில், வீட்டில் வாங்கும் பேச்சு உபதொழில். அடுப்படியில் புத்தகம் விரித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுப்படிப் பதில்

என் ஞாபகச் சோதனை அறுபது தாண்டியவர்களுக்கு. ஐந்து சொற்கள் சொல்வேன், ஐந்து நிமிடம் வேறு கதை கதைப்பேன், பிறகு அந்த ஐந்தையும் கேட்பேன். மருதனார்மடத்தில் ஒரு ஐயா வாய் திறக்கமுன் அடுப்படியிலிருந்து அவருடைய மனுசி ஐந்தையும் ஒப்புவித்தார். ஐயாதான் சொல்லவேண்டும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

"நாப்பது வருசமா இவற்றை ஞாபகத்தை நான்தான் வைச்சிருக்கிறன், பிள்ளை. இப்ப என்ன புதுசா?"

ஒழுங்கை டியூசன்

எங்கள் ஒழுங்கையில் முதலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரைச் சோதித்தேன். ஐந்துக்கு ஐந்து. அடுத்த மூன்று வீட்டிலும் நான் பையைத் திறக்கவே ஐந்து சொற்களும் வரிசை பிசகாமல் வந்தன. ரீச்சர் படலையடியில் வைத்துப் பாடமாக்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று தாளும் குப்பைக்கு. சண்டைக்குப் போனேன்.

"எங்கடை ஒழுங்கையிலை ஒருத்தரும் பெயில் விடக்கூடாது எண்டுதான், பிள்ளை."

ஒத்திகை

புதுச் சொற்கள் எழுதினேன். ஒத்திகை பார்க்க, ஒழுங்கையில் அறுபது தாண்டியும் ரீச்சரின் கைபடாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். சந்தை, சைக்கிளுக்குக் காற்று என்று மூன்று நாள் நழுவினார். இன்று பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துப் பிடித்து இருத்தினேன். பூசணி, கடிதம், ஆடு, திறப்பு, மணல். மகன் இருக்கும் கனடாவின் குளிரைப் பற்றி ஐந்து நிமிடம் வடிவாகத்தான் கதைத்தார். பிறகு சொற்களைக் கேட்டேன். வெறுங்கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல் ஒரு தேத்தண்ணி தாரும். பிறகு சொல்லுறன்."

ஊற்றிக் கொடுத்தேன். புள்ளி போடப் பேனை ஓடவில்லை. கொன்வென்றில் படிக்கையில் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு விடை காட்டாதவள், இவ்வளவு படித்து, கடைசியில் அந்த மருதனார்மடத்து மனுசியாகிவிட்டேன்.

"பூச... சொல்லுங்கோ, இஞ்சேருங்கோ. அந்த ஒண்டைச் சொன்னாலே காணும்."