பொண்டாட்டி காலுக்குக் கரண்ட் வச்ச கதை

எனக்குக் கோவம் மூக்கு மேல நிக்கும். திருத்தணியில என் கடையைத் தேடி வர்ற எவனைக் கேட்டாலும் சொல்வான். தண்ணி ஏத்துற மோட்டார் கருகிப்போச்சுன்னா உள்ள சுத்தியிருக்கிற பழைய கம்பிக் காயிலைப் பிரிச்சுட்டுப் புதுசாக் கட்டிக் குடுக்கிற கடை என்னோடது. கருகின மோட்டாரைத் தூக்கிகினு வந்து, "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே"ன்னு ஒருத்தன் சொன்னா எனக்குப் பத்திகினு வரும். நேத்து வரைக்கும் நல்லா ஓடினது இன்னிக்கு எப்படிய்யா எரியும்? சத்தம் மாறியிருக்கும், சூடு ஏறியிருக்கும், நீதான் கவனிக்கலன்னு கத்துவேன். ஊருக்கெல்லாம் இப்படிக் கத்தின நான், என் வீட்டுல இன்னா பண்ணேன்னு சொல்றேன்.

என் பொண்டாட்டி எனக்கு அத்தை பொண்ணு. பாவாடை கட்டின வயசுலேர்ந்து என்னை மாமான்னு சொல்லாம, எங்க பக்கத்து வழக்கப்படி 'பாவா'ன்னுதான் கூப்பிடுவா. கடையில பாதி வேலை அவளோடது. நான் பழசைப் பிரிச்சு எடுத்தா, பேப்பர் வெட்டி வச்சு, புதுக் கம்பியைச் சுத்தி உள்ள இறக்குறது அவ. நாளெல்லாம் தரையில குந்திகினு, குனிஞ்ச தலை நிமிராம பண்ணுவா. ஒரு தை மாசம் அவளுக்கு இடுப்புல பிடிச்ச வலி, சித்திரைக்குள்ள வலது தொடை வழியா கணுக்கால் வரைக்கும் இறங்கிடுச்சு. உள்ளேயிருந்து யாரோ கொக்கி போட்டு நரம்பை இழுக்குறாங்க பாவான்னு அழுவா. பிரசவத்துல கூட அப்படி அழுதவ இல்ல.

அரக்கோணத்துல ஒரு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கிகினு வந்து நரம்பை அழுத்துதுன்னார். மாத்திரை எழுதினார், கரண்ட் வச்சா வலி குறையும்னார். நாங்க எழுந்துக்கும்போது, "கால் மரத்துப் போனாலோ, பலம் குறைஞ்சாலோ தள்ளிப்போடாம அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. வலியைவிட அதுதான் ஆபத்து. பாதம் தூக்க வராம விழுந்துடும்"னும் சொன்னார். அவர் சொன்ன அத்தனையிலயும் கரண்ட் ஒண்ணுதான் என் காதுல ஏறுச்சு. நம்ம தொழிலாச்சே!

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பிசியோதெரபி பண்ற பொண்ணு ஒண்ணு பத்து நாள் கரண்ட் வச்சுது. அங்க குறைஞ்ச வலி, ஆட்டோல திரும்பி வர்றதுக்குள்ள ரோட்டுப் பள்ளத்துல விழுந்து விழுந்து மறுபடியும் ஏறிடும். வீட்டுக்கே ஒண்ணு வாங்கிக்குங்கன்னு அந்தப் பொண்ணே எழுதிக் குடுத்துச்சு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டி, ரெண்டு ஒயரு, ஒயரு முனையில தோல்ல ஒட்டுற பேடு. எண்ணெய்ப் பிசுக்கு இல்லாம துடைச்சு ஒட்டுங்க, இருபது நிமிஷம் வைங்க, எறும்பு ஓடுற மாதிரி இருந்தா போதும், சுருக்குனு குத்தக்கூடாதுன்னு பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சு. மூணு பேஸ் கரண்ட்ல புழங்குறவனுக்கு, பென்சில் பேட்டரியில ஓடுற பொட்டிக்குப் பாடம் எடுக்குதே இதுன்னு நான் உள்ளுக்குள்ள சிரிச்சிகினேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு ஷட்டரைப் பாதி இறக்கிடுவேன். கடைக்குப் பின்னாடி பாய் விரிச்சு அவளைப் படுக்க வச்சு, முழங்காலுக்குக் கீழ ஒரு பேடு, கணுக்காலுக்கு மேல ஒரு பேடு. பொட்டியில கரண்டை நாலாம் நம்பர்ல வைப்பேன்.

"எறும்பு ஓடுதா?"

"ஓடுது பாவா. கட்டெறும்பா ஓடுது."

அந்த இருபது நிமிஷத்துல அவ மொகம் தெளியும். சில நாள் அப்படியே தூங்கிடுவா. நான் பக்கத்துல குந்திகினு அவ மொகத்தையே பார்த்துகினு இருப்பேன். டாக்டரு பண்ணாததை நான் பண்ணிட்டேன்னு எனக்கு ஒரே திமிரு.

ஆனி மாசக் கடைசியில ஒருநாள், "பாவா, எறும்பு சரியா ஓடல. எங்கேயோ தூரத்துல ஓடுது"ன்னா.

முப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கரண்ட் வரலன்னா லைனைப் பாரு. பேட்டரியை மாத்தினேன். பேடை மாத்தினேன். ஒயரை வெட்டிப் புதுசா ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தினேன். நம்பரை அஞ்சுக்கு ஏத்தினேன், ஆறு, அப்புறம் எட்டு. என் உள்ளங்கையில ஒட்டிப் பார்த்தேன், எனக்கும் லேசாத்தான் தெரிஞ்சுது. வார்னிஷும் சூடும் பட்டுப் பட்டு மாட்டுத்தோலு மாதிரி ஆன கை இது. அந்தக் கையை நம்பினேன் பாருங்க. "டூப்ளிகேட் மெஷினைத் தலையில கட்டிட்டானுங்கடி!"ன்னு கத்தினேன்.

"வுடு பாவா. வலி முன்ன மாதிரி இல்ல, கொறஞ்சுதான் இருக்குது"ன்னா அவ. அதைக் கேட்டு சந்தோஷப்பட்டேன், பாவி. எதனால கொறஞ்சுதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல.

அதுக்குள்ள ஆடிக் கிருத்திகை வந்துடுச்சு. காவடிக் கூட்டத்துல ஊரே நகராது, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியவே நின்னுடும். சத்திரம், லாட்ஜுன்னு அத்தனையிலயும் மோட்டார் ஓயாம ஓடி ஓடிக் கருகும். கடையில கால் வைக்க இடம் இல்ல. அந்த நெருக்கடியில அவ வந்து, "பாவா, வலது காலு செருப்பு நிக்கவே மாட்டேங்குது, கழண்டு விழுறதே தெரியல"ன்னா. "வாரு தளர்ந்திருக்கும். கிருத்திகை முடியட்டும், புதுசு வாங்கித் தரேன்"னுட்டு நான் மோட்டாருக்குள்ள தலையை வுட்டுகினேன். மெஷினைக் கொறை சொன்னேன், செருப்பைக் கொறை சொன்னேன். காலைப் பார்க்கல.

கூட்டம் கலைஞ்சதும் பொட்டியைப் பையில போட்டுகினு பிசியோ பொண்ணுகிட்ட சண்டைக்குப் போனேன். "இன்னாம்மா இது, ஏமாத்து மெஷினை எழுதிக் குடுத்திருக்கே? எட்டாம் நம்பர்லயும் ஒரு எறும்பு கூட ஓடல!"ன்னு வாசல்லயே சத்தம் போட்டேன். அது பொட்டியை வாங்கிச்சு. என் முழங்கைக்கு உள்பக்கம், தோல் மெலிசா இருக்கிற இடத்துல பேடை ஒட்டி நம்பரை ஏத்துச்சு. மூணுலயே என் விரல் மடங்கிகிச்சு, கை துள்ளிடுச்சு.

"மெஷின் நல்லாத்தாங்க இருக்கு. அம்மாவைக் குதிகாலால நடக்க வச்சுப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டுச்சு.

கால் மரத்துப் போனாலோன்னு அரக்கோணம் டாக்டர் சொன்னது அப்பத்தான் ஒரு வார்த்தை விடாம ஞாபகம் வந்துச்சு.

ஓடி வந்து அவளை நடக்கச் சொன்னேன். இடது பாதம் முன்பக்கம் தூக்குச்சு. வலது பாதம் தரையைத் தேச்சுகினே வந்துச்சு. "இன்னா பாவா, தூக்குறேன், வர மாட்டேங்குதே"ன்னு சின்னப் புள்ள மாதிரி சிரிச்சா. எனக்கு உசுரே போயிடுச்சு.

அன்னிக்கே காரு வச்சு மெட்ராஸ் கூட்டிகினு போனேன். ஆபரேஷன் பண்ணாங்க. வலி சுத்தமாப் போயிடுச்சு, பாதம் மட்டும் திரும்பி வரல. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்"னு சொன்னார் அங்க இருந்த டாக்டர். திட்டல. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்குத் தேவலையா இருந்திருக்கும். முதல்ல உணர்ச்சி வரும், அப்புறம் பலம் வரலாம், வராமலும் போகலாம்னார்.

இப்போ வேற மெஷின். பாதத்தைத் தூக்குற தசையை எழுப்புறதுக்கு. அதே மத்தியானம், அதே பாயி. அவ ஒரு நாளும் என்னை ஒரு வார்த்தை சொல்லல. நாற்காலியில ஒக்காந்து காயில் இறக்குறா, காலுக்குப் பட்டை கட்டிகினு நடக்குறா. மோட்டார்னா பிரிச்சுப் புதுசாக் கட்டிடுவேன். இவ காலுல நான் எதைப் பிரிக்கிறது? நம்பரை ஏத்துறேன், மொகத்தைப் பார்க்குறேன், தெரியுதான்னு கேக்குறேன். வேற ஒண்ணும் என் கையில இல்ல. கருகின மோட்டாரோட வர்றவனைக்கூட இப்போ கத்துறதில்ல, வச்சிட்டுப் போப்பான்னுடுறேன்.

ரொம்ப நாள் வரைக்கும் "இல்ல பாவா, தெரியல"ன்னுதான் சொல்லிகினு இருந்தா. அப்போ என் மொகம் எப்படிப் போச்சோ எனக்குத் தெரியாது, அவதானே பார்த்தா. ஒருநாள் மெதுவா, "லேசா ஓடுற மாதிரி இருக்குது பாவா"ன்னா. கால் கட்டைவிரல் அசையல, ஆனா முதல்ல உணர்ச்சிதானே வரும்? டீக்கடையில சொன்னேன். கே.ஜி.கண்டிகையில இருக்கிற தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். மலைக்குப் போய் அவ பேருல அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். அப்புறம் தினமும் நேத்தை விட இன்னிக்குப் பரவாயில்லன்னுதான் சொல்வா.

போன செவ்வாய்க்கிழமை வழக்கம்போல பேடை ஒட்டினேன். பொட்டியில பச்சை லைட்டு எரிஞ்சுது. அவ கண்ணை மூடிப் படுத்திருந்தா. நம்பரை ஏத்தினேன்.

"எறும்பு ஓடுதா?"

"ஆங், ஓடுது பாவா. இன்னிக்கு நல்லாவே ஓடுது."

பேடு நல்லா ஒட்டியிருக்குதான்னு காலுலேர்ந்து ஒயரைத் தடவிகினே வந்தேன். தொழில் பழக்கம். ஒயரோட பின்னு பொட்டியில சொருகியே இல்ல. பாயி மேல கெடந்துச்சு.

அதைக் கையில எடுத்தேன். எனக்காக இப்படி எத்தனை நாளா சொல்லிகினு இருக்காளோ.

"இன்னா பாவா, நிறுத்திட்டியா?"ன்னா, கண்ணைத் திறக்காமலே.

"இல்லடி. இன்னும் ஒரு நம்பர் ஏத்தட்டுமா?"

"ஆங், ஏத்து."

பின்னைக் கையில வச்சிகினே ஏத்தினேன்.