புஷ்பவள்ளியும் கத்திப் பாடுகிறவர்களும்

ரயில்வே கேட் மூடியிருந்தால் புஷ்பவள்ளி இஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார். முதலில் கிடார் மட்டும், தூறல் மாதிரி. பிறகு டிரம்ஸ் வந்து விழுகிறது. அதன் மேல் ஒருவன் தொண்டை கிழியும்படி அலறத் தொடங்குகிறான். பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தவர் திடுக்கிட்டு, வண்டிக்குள் யாரை யார் அடிக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கிறார்.

"ஒண்ணுமில்லண்ணே," என்கிறார் புஷ்பவள்ளி. "ஜெபம் பண்றான்."

அவர் நம்பவில்லை. வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்திக்கொள்கிறார். புஷ்பவள்ளி அதைக் கண்டுகொள்வதில்லை. கேட் திறந்ததும் கண்ணாடியை இறக்கிவிட்டு, மீன் வாசனையையும் அலறலையும் சிதம்பரம் சாலையில் சமமாகப் பரப்பிக்கொண்டு போகிறார்.

கடலூர் முதுநகர்க்காரர். நாற்பதைத் தாண்டியவர். விடிந்ததும் துறைமுகத்தில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, ஐஸ் கரைவதற்குள் சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்க வேண்டும். வண்டி, ஊரில் எல்லோரும் குட்டியானை என்று சொல்லும் சின்ன லாரி. சேலைக்கு மேல் கணவருடைய முழுக்கைச் சட்டை. கைமுட்டியில் எப்போதும் இரண்டு செதில் ஒட்டியிருக்கும். முந்த வருகிற தனியார் பேருந்துக்கு லேசில் வழிவிட மாட்டார். வழிவிட்டால், அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். பி.முட்லூர் தாண்டி ஒரு டீக்கடை. பாட்டு பாதியில் இருந்தால் டீ ஆறிப்போகும். அவரைப் பற்றி எழுதக் கூடவே போன நாட்களில், பாட்டை நிறுத்திவிட்டு டீ குடித்ததை நான் பார்த்ததில்லை.

இந்தப் பாட்டு வகைக்கு மெலடிக் ஹார்ட்கோர் என்று பெயர். புஷ்பவள்ளிக்கு அது 'ஹார்ட்கோரு'. அதிலும் அவர் கேட்பது கிறிஸ்தவக் குழுக்களை மட்டும். எங்கோ அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில், பச்சை குத்திய கைகளோடு மேடையில் குதித்தபடி கடவுளைக் கூப்பிடுகிற இளைஞர்கள். "பின்னாடி கிடாரு அழுவும் சார், முன்னாடி ஆளு கத்துவான். ரெண்டும் ஒரே துக்கந்தான்," என்று ஒரே மூச்சில் இலக்கணம் சொல்லிவிட்டார். குழுக்களின் பெயர் அவர் வாயில் நுழைவதில்லை. அதனால் பாடுகிறவர்களுக்கு அவரே பெயர் வைத்திருக்கிறார். ஒருவன் 'தொண்டைகட்டி'. ஒருவன் 'அழுவாச்சி'. நடுவில் மூச்சு வாங்குகிற சத்தம் கூடக் கேட்கும்படி பாடுகிற ஒருவன் 'படியேறி'. அவனைத்தான் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பிளஸ் டூ வரை படித்த ஆங்கிலம் அலறலுக்குள் புகுந்து பார்க்கப் போதாது. வரிகளைப் போனில் தேடி, போனையே தமிழாக்கச் சொல்லிப் படிக்கிறார். போன் சில சமயம் கவிழ்த்துவிடுகிறது. 'ஆங்கர்' என்ற சொல்லுக்கு நங்கூரம் என்று வர வேண்டிய இடத்தில், 'ஆண்டவரே, நீரே என் செய்தி வாசிப்பாளர்' என்று ஒருமுறை சொல்லிவிட்டது. "கர்த்தர் எப்ப சார் நியூஸ் வாசிச்சாரு?" என்று ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஆனால் ஒழுங்காக வந்த வரிகளும் உண்டு. படியேறியின் பாட்டு ஒன்றில் இரண்டு வரி: நீர் இல்லை என்று சொல்ல எனக்கு மனமில்லை, இருக்கிறீர் என்று சொல்ல இன்றைக்கு வலுவில்லை.

இதைச் சொல்லிவிட்டு வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டியை ஏற்றினார். பிறகு சொன்னார்:

"எங்க சபையில சாட்சி சொல்றவங்க எல்லாரும் கடைசியில ஜெயிச்சிடுவாங்க சார். சீக்கு வந்துச்சி, ஜெபிச்சேன், சரியாயிடுச்சி. நல்லதுதான், நான் வேணாங்கல. ஆனா இவன் பாதியிலயே நின்னு பேசறான். நான் அந்தப் பாதியிலதான் இருக்கேன்."

சிதம்பரம் மார்க்கெட்டில் பெட்டிகளை இறக்கிக்கொள்கிற வியாபாரி கலைமணிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "யக்கா, அந்த ஆளுக்கு இன்னும் வலி நிக்கலயா? ஒரு மாத்திரை வாங்கிக் குடுங்கக்கா," என்பார். "மாத்திரையில நிக்கற வலியா இருந்தா அவன் ஏன்டா பாட வரான்? சங்கரா மீன நிழல்ல வை," என்பார் இவர். தினமும் இதே பேச்சுதான். அதில் இருவருக்கும் ஒரு திருப்தி.

*

அந்த வண்டியை முதலில் ஓட்டியவர் ராபர்ட், புஷ்பவள்ளியின் கணவர். வாரம் முழுக்க மீன், ஞாயிற்றுக்கிழமை சபையின் பாடகர் குழு. கீழ்க்குரல் அவருடையது. மற்றவர்கள் மேலே பாடும்போது அடியில் பலகை போட்ட மாதிரி நிற்கிற குரல். "அவரு பாடுனா பெஞ்சு அதிரும் சார். அத வெச்சிதான் என்னைக் கட்டுனாரு," என்கிறார் புஷ்பவள்ளி.

மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்தது. வலக்கை போயிற்று, வலக்கால் இழுத்தது, பேச்சு முழுவதுமாகப் போய்விட்டது. புத்தி தெளிவாக இருந்தது. பெயர்கள், முகங்கள், பாட்டுகள் எல்லாம் உள்ளே இருந்தன. வெளியே வர ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சியது. பசித்தாலும், கோபம் வந்தாலும், பேப்பரில் நல்ல செய்தி படித்தாலும் அடிவயிற்றிலிருந்து வருகிற அதே கரகரத்த அலறல். பக்கத்து வீட்டு லோகநாயகி முதலில் ஓடி வந்தார். பிறகு ஜன்னலைச் சாத்திக்கொள்ளப் பழகினார். புஷ்பவள்ளி ஓட்டுநர் உரிமம் எடுத்து, சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு ஞாயிறு ராபர்ட் சபைக்குப் போனார். பாட்டு தொடங்கியதும் பழக்கத்தில் வாயைத் திறந்தார். அந்தச் சத்தம் வந்தது. முன்வரிசைகள் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். யாரோ, "பாவம், வெளியில கூட்டிட்டுப் போம்மா," என்றார்கள். சிரிப்பை விட அந்த இரக்கம்தான் அவரை அடித்துப்போட்டது. வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், அதன் பிறகு சபைப் பக்கம் போகவே மறுத்துவிட்டார். புஷ்பவள்ளி தனியாகப் போய் வந்தார். எல்லோரும், "எல்லாம் நன்மைக்கேம்மா, ஸ்தோத்திரம் சொல்லு," என்றார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. வண்டியில் தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு ஓடும். இவர் வாயை இறுக்கிக்கொண்டு ஓட்டுவார்.

அப்படி ஒரு நாள் சிதம்பரத்திலிருந்து காலி வண்டியில் திரும்பும்போதுதான் அது நடந்தது. போன் ஒரு பாட்டு முடிந்ததும் தானாக அடுத்த பாட்டுக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தது. தமிழ்ப் பாட்டு முடிந்து இங்கிலீஷ் பாட்டு வந்தது. அதுவும் முடிந்தது. புதுச்சத்திரம் தாண்டும்போது திடீரென்று ஓர் ஆள் அலறினான்.

"எங்க வீட்டுக்காரரு வண்டியில இருக்காருன்னு நெனச்சிட்டேன் சார். அதே குரலு. வண்டிய ஓரங்கட்டிட்டேன். அப்பறந்தான் பாக்குறேன், பாட்டு. போன்ல கிறிஸ்டியன்னு போட்டிருக்கு. ஒருத்தன் கர்த்தரப் பாத்து இப்படிக் கத்துறான், அதப் பாட்டுன்னு பதிவு பண்ணி லட்சம் பேரு கேக்குறாங்க. அப்ப இவரு போடுற சத்தம் மட்டும் என்னாத்துக்கு சீக்கு?"

வேப்பமரத்தடியில் நின்று அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டாராம். அழுதீர்களா என்றேன். "இல்ல சார். எனக்குத் தெம்பு வந்துச்சி."

அன்று வீட்டில் ராபர்ட்டுக்குப் போட்டுக் காட்டினார். தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார் ராபர்ட். இடக்கையால் போனைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். புஷ்பவள்ளி விடவில்லை. மறுநாள் வரிகளைப் படித்துக் காட்டிவிட்டுப் போட்டார். ராபர்ட் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். அதற்கடுத்த நாள் சத்தத்தைக் கூட்டச் சொல்லி இடக்கை உயர்ந்தது. அந்த வாரக் கடைசியில் படியேறி மூச்சை இழுத்து நிறுத்துகிற ஓர் இடம் வந்தது. எல்லா வாத்தியமும் நின்று, ஒரு தாளத்தட்டு விட்டு, மறுபடி எல்லாம் சேர்ந்து விழுகிற இடம். அந்தத் தட்டு முடிந்த நொடியில் ராபர்ட் அலறினார்.

"முந்தல, பிந்தல. சரியா அந்த எடத்துல எடுத்தாரு. இருவது வருஷம் கோயர்ல நின்ன ஆளு சார்! சத்தந்தான் போச்சி, தாளம் போவல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சி, இவரு கத்தல, பாடுறாரு."

அதன் பிறகு வீட்டில் இரண்டு அலறல்கள். லோகநாயகி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஒண்ணே தாங்கல, இதுல துணைக்கு வேற ஆளா?" என்றார். புஷ்பவள்ளி அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்கவைத்தார். லோகநாயகிக்குப் பாட்டு பிடிக்கவில்லை. ராபர்ட் சிரிப்பதை நெடுநாளைக்குப் பிறகு பார்த்தது பிடித்திருந்தது. "சாயந்திரம் மட்டும் வெச்சிக்குங்க. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசரணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

போதகர் வந்தார். யாரோ அவரிடம், அந்த வீட்டில் சாத்தான் பாட்டு ஓடுகிறது என்று சொல்லியிருந்தார்கள். நல்ல மனிதர், உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார், வரிகளைப் படித்தார்.

"வார்த்தையில குத்தமில்லம்மா," என்றார். "உண்மையான வார்த்தைதான். ஆனா இந்தச் சத்தம்... கர்த்தர இப்படியா கூப்புடறது?"

"பாஸ்டர், படகு கவுந்து கடல்ல கெடந்தா என்னா ராகத்துல கூப்புடுவீங்க?"

போதகர் காபியைக் குடித்துவிட்டு, ராபர்ட்டின் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார். வழக்கத்தை விடச் சத்தமாக ஜெபித்தார் என்கிறார் புஷ்பவள்ளி.

விளைச்சலைச் சபையில் காணிக்கையாக வைக்கிற அறுப்பின் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை புஷ்பவள்ளி ராபர்ட்டுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டார். ராபர்ட் தலையை ஆட்டினார், கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டார். புஷ்பவள்ளி எதிரில் உட்கார்ந்து, "வாயத் தொறக்க வேணாம். ஒக்காந்திருந்துட்டு வருவோம். ஆனா தொறக்கணும்னு தோணுச்சின்னா மூடாத," என்றார். குட்டியானையின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் படியேறி பாடினான்.

சபையில் பூசணிக்காய், கரும்பு, நெற்கதிர், கூடை நிறைய மீன். பாடகர் குழு எழுந்து நின்றது. முதல் சரணத்தில் ராபர்ட் உதட்டை மடித்துக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் இடக்கை முன்பெஞ்சைப் பிடித்தது. மூன்றாம் சரணத்தில் கீழ்க்குரல் தனியாக முதலில் எடுக்க வேண்டும். முன்பு ராபர்ட் எடுத்துக்கொண்டிருந்த இடம். அவருக்குப் பிறகு யாரும் அதை எடுத்ததில்லை. கீபோர்டு அந்த இடத்தைச் சும்மா நிரப்பிக்கொண்டு போகும்.

ராபர்ட் எடுத்தார்.

கீபோர்டு நின்றது. குழு நின்றது. அலறல் மட்டும் ஓட்டுக்கூரையில் மோதித் தனியாக நின்றது. ராபர்ட்டின் முகம் சுருங்கத் தொடங்கியது. சட்டைக் காலருக்குள் தலை இறங்கியது. புஷ்பவள்ளி எழுந்தார்.

"ஏன் நிறுத்துனீங்க? அவரு சரியான எடத்துலதான் எடுத்தாரு. நீங்கதான் விட்டுட்டீங்க."

போதகர் மேடையில் நின்றபடி இவரைப் பார்த்தார். மேல்குரல் பாடுகிற தங்கம்மாள், கடலில் மகனைப் பறிகொடுத்தவர், கீபோர்டு வாசிப்பவரின் தோளைத் தொட்டு, "மறுபடி மூணாவதுலேர்ந்து வாங்க," என்றார். வந்தார்கள். ராபர்ட் எடுத்தார். இந்த முறை யாரும் நிறுத்தவில்லை. அலறலின் மேல் குழு ஏறி நின்றது. கண்களை மூடியபடி பாடிய தங்கம்மாள் கடைசி அடியில் சுருதியை விட்டு அவரும் ஒரு கத்துக் கத்தினார் என்று புஷ்பவள்ளி சொல்கிறார். தங்கம்மாளிடம் கேட்டேன். "கத்துனா என்னா இப்ப?" என்றார்.

எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு குடும்பங்கள் பின்பெஞ்சுக்கு மாறிக்கொண்டன. ஒரு பெரியவர் கமிட்டியில் புகார் சொன்னார். "வேத வசனத்துல எந்த இடத்துல தடை இருக்குன்னு காட்டுங்க, நிறுத்திடுறேன்," என்றாராம் போதகர். ராபர்ட்டுக்குப் பேச்சு திரும்பவில்லை. திரும்பும் என்று டாக்டர்கள் சொல்லவுமில்லை. "சரியாவல சார். சாட்சின்னு சொன்னா இதான் என் சாட்சி. சரியாவல, ஆனா வாரம் தவறாம போறோம்," என்கிறார் புஷ்பவள்ளி.

போன ஞாயிறு நானும் போனேன். புஷ்பவள்ளிக்கு அடுத்து இடம் கிடைத்தது. ராபர்ட் பாடகர் குழுவின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் சரணம் வந்தது. அலறல் எழுந்தது. எங்களுக்கு முன்பெஞ்சில் ஒரு பெண், ஊருக்குப் புதியவள் போல. அவள் தோளில் கிடந்த கைக்குழந்தை பதறி வீரிட்டது. அவள் அவமானத்தோடு குழந்தையை வாரிக்கொண்டு வெளியே போக எழுந்தாள். "ஒக்காரும்மா, கத்தட்டும்," என்று புஷ்பவள்ளி பெஞ்சுக்கு மேல் இரண்டு கைகளையும் நீட்டிக் குழந்தையை வாங்கினார். மடியில் வைத்து, சமாதானப்படுத்தாமல், அதன் முகத்தை ராபர்ட் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்.