வெண்ணிலாவின் மதிப்பெண் பட்டியல்

ஏற்காடு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் ஆபீசில் வெண்ணிலா இருபத்திரண்டு வருடமாக ரைட்டர். ஆட்களின் வருகையைப் பதிவதும் கடிதம் எழுதுவதும் அவர் வேலை. அந்த அறையில் தனியாகவே இருந்து பழகியவர். பேச்சு குறைவு.

போன ஜூனில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஷிரின் வந்து சேர்ந்தாள். ஏற்காடு டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம்; வயது முப்பத்திரண்டு. மறுநாளே ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டாள். வெண்ணிலாவின் மேஜையை வெளிச்சம் விழும் பக்கம் திருப்பி வைத்தாள். பிறந்த நாள் எப்போது என்று கேட்டுப் பதில் வராததால், தானே ஒரு தேதி முடிவு செய்து கேக் வாங்கி வந்தாள். வெண்ணிலா கேக்கைத் தின்றார். மேஜையைப் பழையபடி திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்டில் பழைய ஃபைல்களை ஸ்கேன் செய்யும்படி மேனேஜர் பிரபாகர் ஷிரினிடம் சொன்னார். மூன்றாம் நாள் ஷிரின் ஒரு படிவத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஃபைல்ல உங்க மார்க் ஷீட்டப் பாத்தேன். பத்தாவதுல கணக்குல மட்டுந்தான் ஃபெயிலாயிருக்கீங்க. தனித்தேர்வு எழுதிரலாங்க்கா. பேரு, விலாசமெல்லாம் நானே எழுதிட்டேன். கையெழுத்துப் போட்டாப் போதும்."

டீ கொண்டுவந்த அத்தாயி பக்கத்திலேயே நின்றிருந்தாள். வெண்ணிலா டம்ளரைத் தொடாமல் எழுந்து வெளியே போனார்.

வேலைக்குச் சேர்ந்தபோது, "பத்தாவது படிச்சிருக்கேனுங்க" என்றுதான் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடக் காகிதங்களை உறையோடு கொடுத்தார். அப்போதைய மேனேஜர் பிரித்துப் பார்க்காமல் ஃபைலில் சொருகிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறை மேனேஜர் மாறும்போதும் வெண்ணிலாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. கணவர் மணிகண்டனிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஒன்பது நாள் ஷிரினோடு பேசவில்லை. அவள் தினமும் மன்னிப்புக் கேட்டாள். ஒரு நாள் இரண்டு பக்கத்துக்கு எழுதியே கொண்டுவந்தாள். பத்தாம் நாள் வெண்ணிலா பிரபாகரின் அறைக்குப் போனார்.

"சார், நான் பத்தாவது பாஸ் பண்ணலைங்க. இத்தன வருசமா சொல்லாம இருந்துட்டனுங்க."

"தெரியுமுங்க. நான் வந்த வருசமே ஃபைல் பாத்தேன். பாஸ் பண்ணியிருக்கோணும்னு இங்க யாரும் கேக்கலியே. வேற ஏதாச்சுமுங்களா?"

ஒன்றுமில்லை என்று வந்துவிட்டார். வராந்தாவில் சற்று நேரம் நின்றார். நிம்மதி வரவில்லை. இத்தனை காலம் வீணாகப் பயந்து தொலைத்தோமே என்ற எரிச்சல்தான் இருந்தது. பிறகு உள்ளே போனார்.

"கண்ணு, எனக்கு ஏதாச்சும் செய்யறதுன்னா மொதல்ல என்னயக் கேக்கோணும்."

"செரிங்க்கா. அப்ப இப்பக் கேக்கறேன். பரிச்ச எழுதறீங்களா?"

"இல்ல."

"ஏனுங்க்கா?"

"கணக்கு எனக்குப் புடிக்காது."

ஷிரின் படிவத்தைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

இப்போதெல்லாம் எதையும் கேட்டுவிட்டுத்தான் செய்கிறாள். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கேட்கிறாள். வெண்ணிலா பெரும்பாலும் வேண்டாம் என்கிறார். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டபோது மட்டும், மெதுவாக ஓட்டுவதாக இருந்தால் வருகிறேன் என்றார்.