முந்தி வந்த எதிரொலி

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரித்து முடித்துவிட்டுக் கேளுங்கள். பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்புகிற ஆள் இல்லை நான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கரண்ட் வந்தால் பொருள் வேலை செய்யும், வராவிட்டால் செய்யாது, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். ராத்திரி புளியமரத்தடியில் யாரோ நின்றார்கள் என்று யாராவது கதை விட்டால், கண் டாக்டரைப் பாரு என்று சொல்லி அனுப்புவேன். அப்படிப்பட்ட எனக்கு, அதுவும் பட்டப்பகலில் இது நடந்தது.

கடை போக, நான் ஒரு ராக் பேண்டில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். கள்ளக்குறிச்சியில் ராக் பேண்டா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. பேஸ் என்றால் நாலே நாலு தடித்த கம்பி. வாசிக்கும்போது ஒருத்தரும் கவனிக்க மாட்டார்கள், நிறுத்தினால் மட்டும் ஏதோ குறையுதே என்பார்கள். அந்தச் சத்தத்தை வேறு வேறு மாதிரி மாற்றுவதற்குக் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் உண்டு, பெடல் என்போம், காலால் மிதித்தால் வேலை செய்யும். ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று அடியில் இன்னொரு சத்தம் சேர்க்கும், டிலே என்று ஒன்று நாம் வாசித்ததைக் கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லும், மலையில் எதிரொலி வருகிற மாதிரி.

ஜெயபால் வருகிற வரைக்கும் பேண்டில் நான்தான் பேஸ். அவன் எலவனாசூர்கோட்டைக்காரன், நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறவன், என்னைவிடச் சின்னவன். ஒரு நாள் பழைய பெடல் நாலைந்தைப் பலகையில் அடித்து எடுத்துக்கொண்டு வந்தான். எங்கள் பேண்டின் தலைவர் சேகர் அண்ணன், டிரம்ஸ் வாசிப்பவர், சும்மா வாசிச்சிக் காட்டு தம்பி என்றார். ஜெயபால் ஒரு நீலக் கலர் டிலே பெடலை மிதித்து ஒரு கம்பியைத் தட்டினான். ஐயோ, அந்தச் சத்தம்! தகரக் கூரை அதிர்ந்தது. சேகர் அண்ணன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை வருஷமாக வாசிக்கிறேன், ஒருத்தன் எனக்காக வாய் பிளந்ததில்லை. வீட்டில் என் மனைவிகூட, “அந்தத் தம்பி வாசிக்கறது நெஞ்சுலயே வந்து இடிக்குதுல்ல?” என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் விரலில் ஒன்றும் இல்லை, எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அதே கம்பெனி, அதே நீலப் பெடலை வாங்கி, கடையில் பிரித்துப் போட்டு சர்க்யூட் முழுக்கப் பார்த்துவிட்டேன். மாட்டி வாசித்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டின மாதிரி வருகிறது. பெட்டி மேலே இருக்கிற திருகுகளை எந்த அளவில் வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அவனோ திருகு எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருந்தான்.

“இன்னாடா செட்டிங் அது?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லண்ணா, சும்மா திருகி வுட்டேன்.”

சும்மா திருகி விட்டானாம்! எனக்கு அடித்துவிடலாம் போல இருந்தது.

ஆடி மாதம் கல்வராயன் மலையில் ஒரு கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். சேகர் அண்ணன் கடைக்கே வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “இந்த தபா ஜெயபால் வாசிக்கட்டும்டா. நீயும் கூட வா, ஒயரு கியரு பாத்துக்க. நல்லா போச்சின்னா அவனையே வச்சிக்கலாம்னு பாக்கறேன். கோச்சிக்காத.” கோபித்துக்கொள்ளவில்லை அண்ணா என்று சொன்னேன். அவர் போன பிறகு ஒரு போனின் டிஸ்பிளேயைக் கையில் வைத்தே உடைத்துவிட்டேன், தெரியாமல்தான்.

கோமுகி டேமைத் தாண்டி வேன் வளைவு வளைவாக ஏறியது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர், கோயிலுக்கு எதிரில் மேடு, அதில் மேடை. மதியம் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்து, சாமி ஊர்வலம் திரும்பிக் கோயிலுக்குள் போகிற வரைக்கும் ஸ்பீக்கரில் சத்தம் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். சரி என்று எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சாமானுக்குக் காவல் நான். என்னை வைத்துவிட்டுப் போனார்கள் பாருங்கள், பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதையாக.

மலையில் பனி இறங்கி மேடையைப் பாதி மூடியிருந்தது. நான் மெதுவாக ஜெயபாலின் நீலப் பெடலில் இருந்த அந்த டேப்பை உரித்தேன். திருகுகளைப் போட்டோ எடுத்தேன். சத்தத்தையும் வீட்டில் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று, போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு, கிட்டார் சத்தத்தைப் பெருக்கி வெளியே விடுகிற ஆம்ப் பெட்டி மேல் வைத்தேன். பெரிய ஸ்பீக்கரைத் தொடவில்லை, சாமி காரியம். என் கிட்டாரை அவன் பலகையில் சொருகி, ஆம்ப்பை முணுமுணுக்கிற அளவுக்கு வைத்து, நீலப் பெடலை மிதித்தேன். அதில் சிவப்பு விளக்கு எரியவில்லை. பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன்.

கம்பியைத் தட்ட விரலைக் கொண்டு போனேன். தட்டவில்லை, சத்தியமாகத் தட்டவில்லை, அதற்குள் சத்தம் வந்துவிட்டது. கை பட்டிருக்கும் என்று நினைத்து மறுபடியும் கொண்டு போனேன். மறுபடியும் அது முந்திக்கொண்டது, அதற்குப் பிறகுதான் என் விரல் கம்பியில் பட்டது, வெறும் டக் என்று. டிலே என்றால் பின்னால் வர வேண்டும், வாசிக்காததை எந்தப் பெட்டியும் திருப்பிச் சொல்ல முடியாது. இது முன்னால் வருகிறது! நான் அடுத்து எங்கே போகப் போகிறேனோ அங்கே எனக்கு முன்னாலேயே போய்விடுகிறது. ஏமாற்றிப் பார்க்கலாம் என்று மேலே போகிற மாதிரி போய் சட்டென்று கீழே இறங்கினேன். நான் இறங்குவதற்கு முன்னால் அது இறங்கிவிட்டது.

நம்பினால் நம்புங்கள், அப்போது எனக்குப் பயமே வரவில்லை. ஏனென்றால் அந்த வாசிப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. ஜெயபால் மாதிரி இல்லை, என் மாதிரிதான் இருந்தது, என் இழுப்பு, என் கெட்ட பழக்கம் எல்லாம் அதில் இருந்தது, ஆனால் நான் எப்போதும் சறுக்குகிற இடத்தில் அது சறுக்கவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். அது நிற்கவில்லை. இரண்டு கையும் தொடையில் வைத்து நான் உட்கார்ந்திருக்கிறேன், அது பாட்டுக்கு வாசிக்கிறது, நான் கேட்டே இராததையெல்லாம் வாசிக்கிறது. ஊர்வலத்தின் மேளம் கோயில் பக்கம் திரும்பியதும் அந்த வாசிப்பு தானாக நின்றது.

நிமிர்ந்தால் மேடைக்குக் கீழே ஜெயபால் நிற்கிறான். பனியில் எவ்வளவு நேரமாக நின்றானோ.

“எப்படிண்ணா வாசிச்ச அத?” என்றான். குரலே சரியில்லை.

“உன் பெடலுதான்டா வாசிச்சிது.”

அவன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பேட்டரியை எடுத்துக் காட்டினான். அடாப்டர் போட்டால் உர்ரென்று இரைகிறது என்று அந்த நீலத்தை மட்டும் அவன் பேட்டரியில்தான் ஓட்டுவான். “நீ நோண்டுவன்னு தெரியும்ணா. அதான் கழட்டிக்கினு போனேன்.”

நான் கவிழ்த்துத் திறந்து பார்த்தேன். உள்ளே வெறும் இடம், ஒயர் மட்டும் தொங்கியது. அதே மாதிரிப் பெட்டியைக் கடையில் பிரித்துப் பார்த்தவன் நான். கரண்ட் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது என்பது மட்டுமில்லை, உள்ளே வந்த சத்தத்தை வெளியிலேயே விடாது. ஒரு முணுக்கென்றுகூட ஆம்ப்பில் வந்திருக்கக் கூடாது.

நான் சொன்னதை ஜெயபால் காதில் வாங்கவே இல்லை. அவன் முகத்தில் இருந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்தது, அதோடுதானே நான் இத்தனை மாதமாகக் குடித்தனம் பண்ணினேன். “இத்தன நாளா இத ஒளிச்சி வச்சிக்கினு இருந்தியா?” என்று கேட்டான். சேகர் அண்ணன் வந்ததும், “அவரே வாசிக்கட்டும்ணா, என்னால ஆவாது” என்று பலகையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டான். அன்று சாயங்காலம் பெடல் எதுவும் இல்லாமல் நான்தான் வாசித்தேன், எப்போதும் போலச் சுமாராக. என் இடம் எனக்கே நிலைத்தது. ஜெயபால் அதற்குப் பிறகு பேஸைத் தொடவில்லை என்று கேள்வி. உளுந்தூர்பேட்டையில் ஒருமுறை பார்த்தேன், அறுப்பு மெஷின் மேல் உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

போனில் ரெக்கார்டிங் இருக்கிறது. கடையில் ஆள் இல்லாதபோது போட்டுக் கேட்பேன். முதலில் சத்தம் வரும், அதற்குப் பிறகு என் விரலின் டக். கடைசியில், நான் கையை எடுத்த பிறகு வருகிற அந்த நீளமான பகுதி, டக் இல்லாமல். அதில் கொஞ்சம் கேட்பதற்குள் யாராவது கடைக்கு வந்துவிடுவார்கள், நிறுத்திவிடுவேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு பாட்டுக்குப் புதிதாக ஒன்று வாசித்தேன், என் மண்டையிலேயே உதித்தது. “டேய், இத எங்கடா புடிச்ச?” என்று சேகர் அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தோடு கடைக்கு வந்து ரெக்கார்டிங்கைப் போட்டால், அந்த நீளமான பகுதியின் தொடக்கமே அதுதான். கேட்டது மனதில் தங்கி அப்படியே வந்துவிட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு, அதற்கு மேல் கேட்காமல் நிறுத்திவிட்டேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இடையில் வாசிப்பில் இன்னும் இரண்டு புது இடம் பிடித்தேன். பிறகு போட்டுப் பார்த்தேன், இரண்டும் இருக்கிறது, வரிசையாக, என்னைவிடச் சுத்தமாக வாசித்து.

பயமாக இல்லையா என்று மனைவி கேட்கிறாள். பயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட வயிற்றெரிச்சல்தான் ஜாஸ்தி. ஜெயபாலாவது கண்ணுக்குத் தெரிந்தான், போய்த் தொலைந்தான். இவனை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

போன வாரம் ஒத்திகையில் மறுபடியும் ஒரு நல்ல இடம் விரலில் வந்தது. எனக்கு ஆத்திரம். உனக்காக நான் வாசிக்க மாட்டேன்டா என்று பாதியிலேயே கம்பியை அமுக்கி நிறுத்திவிட்டேன். சேகர் அண்ணன் என்னடா என்றார், கை வலி என்றேன். நேராகக் கடைக்குப் போய் ஷட்டரை இறக்கிவிட்டு, ரெக்கார்டிங்கில் இன்னும் கேட்காமல் வைத்திருந்த மிச்சத்திலிருந்து கொஞ்சம் போட்டேன். அந்த இடம் அதில் இருக்கிறது. அதிலும் அது பாதியில்தான் நிற்கிறது.